மாமாவின் காருக்கு வாய்ப்பூட்டுப் போட்ட கதை

கோடைகாலத்தில் என் மாமா வேலை முடிந்து வருகிறார் என்பது, அவர் வந்து சேர்வதற்கு மூன்று நிமிடம் முன்னதாகவே மொன்றியல் வில்லரேயில் எங்கள் தெரு முழுவதற்கும் தெரிந்துவிடும். சத்தம் கேட்டதும் அம்மா கறிச்சட்டியை மறுபடி அடுப்பில் வைப்பார். மேல்மாடியில் இருந்த கிரேக்கக் கிழவி யன்னலை அடித்துச் சாத்துவார். இரவு வேலைக்குப் போய்விட்டுப் பகலில் தூங்கும் அப்பா தலையணையைத் தூக்கிக் காதின் மேல் வைத்துக்கொள்வார். நான் மட்டும் வெளிப்படிகளில் இறங்கி ஓடி, வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஒழுங்கையில் இருந்த தகரக் கராஜின் கதவைத் திறந்து வைப்பேன். ஒன்பது வயதில் எனக்கு இருந்த பல உத்தியோகங்களில் அதுவும் ஒன்று.

அந்தக் கார் அமெரிக்காவில் செய்தது. மாமாவைவிட ஏழெட்டு வயது மூத்தது. இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், நீட்டி நிமிர்ந்து படுக்கலாம் போன்ற முன்பக்கம். நகரத்துக்கு வெளியே ஒரு கமக்காரரின் மாட்டுக்கொட்டிலில் வைக்கோலுக்கு அடியில் கிடந்ததை வாங்கி, நான்கு வருடம் மாரடித்து ஓட வைத்திருந்தார். என்ஜினைப் பிரித்துப் பூட்டினார். பச்சைப் பெயின்ட் அடித்தார். இருக்கைகளுக்குத் தானே உறை தைத்தார். புகைக்குழாய்களில் மட்டும் கை வைக்கவில்லை. அவை துருவேறி, சைலன்சர் இரண்டிலும் என் கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. காருக்குள் ஏறினால் ஒருவருக்கொருவர் கத்தித்தான் கதைக்க வேண்டும். மாமாவுக்கு அது பிடித்திருந்தது.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டின் கீழறையில் இருந்தார். சென்ட் லோரன்டில் ஒரு தொழிற்சாலையில் தகடு அழுத்தும் மெஷினில் வேலை. அதிகம் பேசமாட்டார். கூப்பிட்டால் சிலவேளை வருவார், சிலவேளை வரமாட்டார். அவர் இராசா, நாங்கள் கூப்பிட்ட கையோடு வந்துவிடுவாரோ என்று அம்மா பொருமுவார். எனக்கு மாமாவின் அந்த மிடுக்குப் பெரிய மரியாதையைத் தந்தது. நானும் சில நாள் அம்மா கூப்பிட்டபோது கேட்காத மாதிரி இருந்து பார்த்து, வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

அதற்கு இரண்டு வருடத்துக்கு முன் மாமா யாழ்ப்பாணம் போய்க் கலியாணம் முடித்தார். மேளச் சத்தமும் சொந்தக்காரரின் ஆரவாரமுமாக மூன்று கிழமை ஓடியது. பிறகு மாமியை அங்கே விட்டுவிட்டு வந்து, விசாவுக்காகக் காத்திருந்தார். ஒவ்வொரு ஞாயிறு காலையும் மாமி அழைப்பார். மாமா கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என்னைப் பக்கத்தில் இருத்திக்கொள்வார். மாமிக்கு மெல்லிய குரல். மாமி ஒன்று சொல்லி முடித்ததும் மாமா என் முகத்தைப் பார்த்து, "என்னவாம்?" என்பார். லைன் சரியில்லை என்பது அவர் சொன்ன காரணம். எனக்கு நன்றாகத்தான் கேட்டது. ஆனாலும் பதவியை யார் வேண்டாம் என்பார்கள்? மாமி சொன்னதில் எனக்குப் பிடிக்காததை விட்டுவிடுவேன். பிடித்ததற்குக் கொஞ்சம் உப்புப் புளி சேர்ப்பேன். புருஷன் பெண்சாதிக்கு நடுவில் ஒரு வாயாடியை வைத்திருக்கிறான் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

அப்படி ஒரு ஞாயிறு, காரோடு சாய்ந்து நின்று எடுத்த படத்தை மாமா அனுப்பியிருந்தார். அதைப் பார்த்துவிட்டு மாமி, "இந்தக் காரிலயோ என்னை ஏத்த வருவீங்கள்?" என்று கேட்டார். மாமா என் பக்கம் திரும்புவதற்கு முன்பே நான், "ஓம் மாமி, இதிலதான் வருவார்" என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் மாமாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். அன்றிலிருந்து எல்லா ஞாயிறும் அந்தக் காரின் சுகம் விசாரிக்கப்பட்டது. மாமியின் தாய்க்கும் தங்கைகளுக்கும், கேட்ட கேள்விகளைப் பார்த்தால் அந்த ஊருக்கே, மாமி மொன்றியலில் எந்தக் காரில் ஏறப்போகிறார் என்பது தெரிந்திருந்தது.

விசா வந்தது. மாமியின் விமானம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு. கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் விட்டு ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. வியாழக்கிழமை வேலை முடிந்து வரும்போது பொலிஸ் மாமாவை மறித்துவிட்டது. சைரன் போட்டபடி இரண்டு சந்தி பின்னால் வந்தார்களாம், மாமா நிறுத்தவில்லையாம். அவர் கொண்டுவந்த தாளை நான்தான் வாசித்துச் சொன்னேன். புகைக்குழாய் உடைந்த கார். நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள் திருத்திப் பொலிஸ் நிலையத்தில் கொண்டுவந்து காட்ட வேண்டும். அதுவரை திருத்துவதற்கும் காட்டுவதற்கும் தவிர வேறு எதற்கும் றோட்டில் இறக்கக் கூடாது.

அம்மாவுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. "அத்தானின்ர வான் வாசல்ல நிக்குதுதானே. வாறவள் உன்னையோ கட்டினவள், காரையோ?" என்றார்.

"சொல்லியாச்சு அக்கா" என்றார் மாமா.

யார் சொன்னது என்று அவர் சொல்லவில்லை. நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன், என் பக்கம் திரும்பவும் இல்லை. காட்டிக் கொடுத்திருந்தால் கூட எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது. அந்த நிமிடமே நான் முடிவெடுத்தேன்: மாமி அந்தக் காரில்தான் வருவார், அதற்கு நான் பொறுப்பு. ஒன்பது வயதில் முடிவெடுப்பதற்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

அன்று பின்னேரமே அப்பாவின் வானில் சென்ட் லோரன்ட்டுக்குப் போனோம். பழைய கார்களுக்குப் புதுச் சாமான் விற்கும் ஒரு பெரிய கிடங்கு. கடைக்காரர் முழங்கை வரை பச்சை குத்தியிருந்தார். அந்தக் காருக்கு அளவாக இரண்டு வகைக் குழாய்த் தொகுதி இருப்பதாகச் சொன்னார். ஒன்றில் சைலன்சர் பெயருக்குத்தான். இளந்தாரிகள் விரும்பி வாங்குவது, சட்டத்துக்கு மட்டுமட்டாக உள்ளே நிற்கும், இதயம் வரை அதிரும். மற்றதில் சைலன்சர் இரண்டும் பருத்துக் கனத்திருந்தன. இதைப் பூட்டினால் பக்கத்து இருக்கையில் இருப்பவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கும் என்றார். மாமா என் முகத்தைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் தமிழில் சொல்லி, முதலாவதை எடுக்கும்படி என் சிபாரிசையும் சேர்த்துச் சொன்னேன்.

மாமா கனத்த சைலன்சரின் மேல் கையை வைத்தார். நான் சண்டைக்குப் போனேன். இது சப்பைச் சாமான், கார் பூனை மாதிரிப் போகும், ஒழுங்கையில் என் மானம் போகும் என்றேன்.

"அவ காருக்குள்ள கதைப்பா, பிள்ளை. எனக்குக் கேக்கவேணும்" என்றார்.

அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு அன்று தெரியாது. ஆனால் கதை கேட்பவர்களை இருட்டில் வைத்திருப்பதில் எனக்குச் சந்தோஷமில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். மாமாவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. தகடு அழுத்தும் மெஷின் பதினொரு வருடமாக அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டது. தொழிற்சாலையில் செய்த காதுப் பரிசோதனைக் கடிதங்களை அவர் கீழறையில் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தார். அக்காவுக்குச் சொன்னால் அழுவார், மாமியின் வீட்டாருக்குத் தெரிந்தால் செவிடனுக்கா கட்டிக் கொடுத்தோம் என்பார்கள் என்று பயம். அந்த ஓட்டைச் சைலன்சர் அவருக்கு நல்ல மறைப்பாக இருந்தது. அந்தக் காருக்குள் எல்லாருமே செவிடர், எல்லாருமே கத்தினார்கள், அவரை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. அந்த மறைப்பைத்தான் அவர் தன் கையாலேயே கழற்றப் போனார். கார் அமைதியாக இருந்தால், பக்கத்தில் இருந்து பேசினால், மாமியின் குரலாவது தனக்குக் கேட்கும் என்று நம்பியிருக்கிறார். இதெல்லாம் பிற்காலத்தில் எனக்குத் தெரிந்தது. வியாழக்கிழமை பின்னேரம் எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமா ஒரு பயந்தாங்கொள்ளிச் சைலன்சரை வாங்கிவிட்டார் என்பதுதான்.

வெள்ளிக்கிழமை மாமா வேலைக்கு லீவு சொன்னார். காலை எட்டு மணிக்கே கார் நான்கு இரும்பு முக்காலிகளின் மேல் ஏறி நின்றது. மாமா ஒரு கார்ட்போர்ட் மட்டையை விரித்துக் கீழே நுழைந்தார். நான் ஒரு பழைய கார் ரயரின் மேல் உட்கார்ந்து, பெட்டிக்குள் வந்த தாளை ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொன்னேன். குழாய்களை என்ஜினிலிருந்து வால் வரை முதலில் இறுக்காமல் கொழுவ வேண்டும். எல்லாம் நேராக வந்த பிறகுதான் முன்னாலிருந்து பின்னால் இறுக்கிக்கொண்டு வர வேண்டும். முதல்முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன் குழாயில் எண்ணெய், அழுக்கு, கைவிரல் அடையாளம் எதுவும் இல்லாமல் ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் கறை நிரந்தரமாகப் பதிந்துவிடும். இந்தக் கடைசி வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன். துடைக்கிற வேலை எனக்கு என்று ஏற்கனவே தீர்மானித்திருந்தேன்.

பத்தரை ஆனதும் அம்மா பின் பல்கனியில் தோன்றினார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். "தம்பி, வெளிய வா! பன்ரெண்டுக்குப் பிறகு தொடு!" என்று மூன்று தரம் கூப்பிட்டார். காருக்கு அடியிலிருந்து தெரிந்த இரண்டு சப்பாத்தும் அசையவில்லை. நாலாம் தரம் கூப்பிடாமல் அம்மா நேரே இறங்கி வந்தார். நான் குறுக்கே போய் நின்று, புதிதாகப் பூட்டுவதற்குத்தான் ராகுகாலம், பழசைக் கழற்றுவதற்கு இல்லை என்று ஒரு சாத்திரத்தை அந்த இடத்திலேயே உண்டாக்கினேன். அம்மா யோசித்தார். ஐயரிடம் கேட்டால் என்ன சொல்வாரோ தெரியாது, ஆனால் அம்மாவுக்கு அது ஞாயமாகப் பட்டது. பன்னிரண்டு வரை ஒரு புது ஆணியும் உள்ளே போகக் கூடாது என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

பதினொரு மணிக்கு ஆணி உடைந்தது.

குழாயும் என்ஜினும் சேரும் இடத்தில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு திருகாணிகள். நாற்பது வருடத் துரு. ஐந்து ஒருவழியாகக் கழன்றுவிட்டன. ஆறாவதை மாமா திருப்பும்போது கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. இன்னும் கொஞ்சம் திருப்ப, இன்னும் கூர்மையாக வந்தது. ஏதோ முறியப் போகிறது என்பது எனக்கே விளங்கியது. "நிப்பாட்டுங்கோ மாமா!" என்று கத்தினேன். அவர் நிறுத்தவில்லை. டக்கென்று தலை தனியாக விழுந்தது, மிச்சம் என்ஜினுக்குள் நின்றுவிட்டது.

மாமா நெடுநேரம் கீழேயே கிடந்தார். பிறகு ஊர்ந்து வெளியே வந்து, "சத்தம் கேட்டதோ?" என்று கேட்டார். இரண்டு தரம் கேட்டது, நான் கத்தினேனே என்றேன்.

"இனிக் கத்தாத. காலில தட்டு."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. காப்பாற்ற நினைத்துக் கத்தினால், கத்தாதே என்கிறார். ஆனாலும் அந்த ஆணியில்தான் மாமியின் பயணம் தொங்கிக்கொண்டிருந்தது. கோபத்தை ஒத்திவைத்துவிட்டு அவருடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அம்மா பல்கனியில் நின்று, ராகுகாலத்தைப் பற்றி இரண்டு வீட்டுக்குக் கேட்கும்படி ஞாபகப்படுத்தினார்.

உடைந்த ஆணியில் இரண்டு நெல்மணி உயரத்துக்குத்தான் வெளியே பிடி இருந்தது. மாமா காஸ் ஊதுவிளக்கால் அதைச் சிவக்கும்வரை சூடாக்கி, மெழுகுதிரியை அதில் தொட்டார். மெழுகு உருகித் துருவுக்குள் இறங்கிப் பாதை எடுக்குமாம். கரன்ட் போனால் கொளுத்துவதற்கு அம்மா வைத்திருந்த மெழுகுதிரிகளை நான் ஒவ்வொன்றாகக் கடத்தி வந்தேன். சூடாக்குவார், மெழுகு தொடுவார், பிடிகுறட்டால் ஒரு மயிரிழை திருப்புவார். கீச்சென்றால் நான் சப்பாத்தில் தட்டுவேன். உடனே நிறுத்தி, வந்த பக்கமே திருப்பிவிட்டு, மறுபடி சூடாக்குவார். இரண்டு மணியாகியும் அது கால் சுற்றுக்கூட வரவில்லை. மாமா ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை, தூக்கி எறியவில்லை. அம்மா புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்து, மாமாவின் கறுத்த கைகளைப் பார்த்துவிட்டு, தானே குழைத்து அவருடைய வாயில் வைத்தார். முப்பத்துநாலு வயதுத் தம்பி மட்டையில் இருந்தபடி வாயைத் திறந்தார். அம்மா அப்போது வானைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

நாலரை மணிக்கு அந்த ஆணி அரைச் சுற்று வந்தது. பிறகு ஒன்று. பிறகு விரலாலேயே திருப்பி எடுத்தார். எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அது இன்னும் சுட்டது, நான் கையை உதறவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புதுக்குழாய்கள் மேலே ஏறின. இடது பக்கக் குழாய் பின் அச்சில் போய் முட்டியது. மாமா எல்லாவற்றையும் கழற்றி, முதலிலிருந்து கொழுவினார். இப்போது வலது பக்கம் முட்டியது. மறுபடி கழற்றினார். மூன்றாம் தரம் இரண்டும் றப்பர் வளையங்களில் நேராகத் தொங்கின. தாளில் சொன்னபடி முன்னாலிருந்து பின்னால் இறுக்கினார். நான் ஸ்பிரிட் போட்டு, வால் நுனி இரண்டையும் என் முகம் தெரியும்வரை துடைத்தேன்.

அப்போதுதான் அம்மா சந்தனக் கிண்ணத்துடனும் தேசிக்காய்களுடனும் வந்தார். புதுச் சாமான் வெறுமையாய்ப் போகக் கூடாதாம். தாளில் எழுதியிருந்ததை நான் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் தாளை எழுதியவரும் சேர்ந்து பயந்திருப்பார். எனக்கும் உள்ளூர ஒரு எண்ணம் இருந்தது: ஆணி உடைந்ததற்கு நான் உண்டாக்கிய சாத்திரம்தான் காரணமோ என்று. பரிகாரமாக நானே விரலால் ஒவ்வொரு வால் நுனியிலும் மூன்று சந்தனப் பொட்டும் அதன்மேல் குங்குமமும் வைத்தேன். கார் முக்காலிகளிலிருந்து இறங்கும்போது நசியட்டும் என்று தேசிக்காய்களைச் சில்லுகளுக்குக் கீழே வைத்தோம். மாமா சாவியைத் திருப்பினார்.

முதலில் குழாய் முழுவதும் புகைந்தது. அது தாளில் சொல்லியிருந்ததுதான். பிறகு கோயில் வாசம் வந்தது. பொட்டுகள் ஆறும் கொதித்துக் கறுத்து, ஆறு கபிலப் புள்ளிகளாக இரும்பில் ஒட்டிக்கொண்டன. பிறகு எத்தனை வருடம் தேய்த்தும் அவை போகவில்லை. முன்பக்கம் இடதில் டிக் டிக் என்று காற்றுக் கசிவது எனக்குக் கேட்டது. மாமாவை மறுபடி கீழே நுழைய வைத்து, சப்பாத்தில் தட்டி இடத்தைக் காட்டினேன். மாமா இன்னும் அரைத் திருப்பு இறுக்கினார், அது நின்றது. அதன் பிறகு ஒழுங்கையில் ஒரு மெல்லிய முனகல்தான் மிஞ்சியது. என்ன நடந்துவிட்டது என்று பார்க்க மேல்மாடிக் கிழவி யன்னலைத் திறந்து எட்டிப்பார்த்தார்.

மாமா உள்ளே ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "ஓடுதோ?" என்று கேட்டார்.

அவ்வளவு அமைதியாக ஓடுகிறது என்று பகிடி விடுகிறாராக்கும் என்று நினைத்தேன். நானும் பகிடியாக, "இல்லை" என்றேன். அவர் சாவியை மறுபடி திருப்பினார். ஓடிக்கொண்டிருந்த என்ஜினில் ஸ்டார்ட்டர் கடித்துக் கர்ரென்று அலறியது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மாமாவும் சிரித்தார். பிறகு டாஷ்போர்டின் மேல் உள்ளங்கையை வைத்து, அது அதிர்கிறதா என்று கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புக்காக நான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

பொலிஸ் நிலையத்தில் ஒரு வயதான பொலிஸ்காரர் காரைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, காது கொடுத்துக் கேட்டார். வால் நுனியில் இருந்த புள்ளிகள் என்ன என்று விசாரித்தார். ஆசீர்வாதம் என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் இன்னொரு தரம் குனிந்து பார்த்துவிட்டு, தன் தாயும் தன் காருக்குள் ஒரு புனிதரை ஒட்டி வைத்திருக்கிறார் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மணி ஒன்றரை. மாமா முகம் கழுவிப் புதுச் சேட்டுப் போட்டார். நகக்கண்ணில் கறுப்பு மட்டும் போகவில்லை.

விமான நிலையத்துக்கு அப்பாவும் அம்மாவும் பெட்டிகளை ஏற்றுவதற்காக வானில் பின்னால் வந்தார்கள். காரின் பின் இருக்கையில் என்னை ஏற்றும்போது அம்மா காதைத் திருகாத குறையாகச் சொன்னார்: "வாயைப் பொத்திக்கொண்டு இருக்கவேணும். அதுகள் ரெண்டும் கதைக்கட்டும்." சத்தியம் வாங்கிவிட்டுத்தான் கதவைச் சாத்தினார்.

மாமி வந்தார். வெளியே தார் இளகும் வெயில். கனடா என்றால் குளிர் என்று யாரோ சொல்லி, கழுத்துவரை சிப் இழுத்த பெரிய குளிர்கோட்டுக்குள் வேர்த்து வழிந்துகொண்டு வந்தார். காரைக் கண்டதும் நின்றார். அதன் பச்சைக் கதவை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். மாமா கதவைத் திறந்துவிட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் சொன்ன 'ஓம்' உண்மையாகிவிட்டது.

கார் வழுக்கிக்கொண்டு புறப்பட்டது. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, மாமியின் கோட்டு உரசுவதுகூடக் கேட்டது. கொஞ்சத் தூரம் போனதும் மாமி மெல்ல, "இஞ்சருங்கோ" என்றார். எங்கள் பெண்கள் அந்த நாளில் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தொட்டுக் கூப்பிடுவதும், பின்னால் ஒரு பிள்ளை இருக்கும்போது, நடக்கிற காரியமில்லை. மாமா றோட்டைப் பார்த்துச் சிரித்தபடி ஓட்டினார். "இஞ்சருங்கோ" என்று இன்னொரு தரம். மாமா இன்னும் சந்தோஷமாக றோட்டைப் பார்த்தார். எனக்கு நாக்குத் துடித்தது. சத்தியம் செய்திருந்தேன், பல்லைக் கடித்துக்கொண்டேன். மாமி கொஞ்சம் முன்னால் சாய்ந்து, "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டார்.

வாய் அசைந்ததை மாமா கடைக்கண்ணால் பார்த்திருக்க வேண்டும். "ஓம், எல்லாம் புதுசு. நானேதான் பூட்டினது" என்றார்.

எனக்குச் சிரிப்புப் பீறிட்டுக்கொண்டு வந்தது. மாமி சிரிக்கவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி, சிரித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி மாமாவைப் பார்த்தார். மாமாவின் சிரிப்பு மெல்ல நின்றது. அவருடைய பின்கழுத்துச் சிவந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன.

ஒரு சிவப்பு விளக்கில் கார் நின்றது. மாமி கோட்டின் சிப்பைக் கீழே இழுத்தார். முழு உடம்பையும் மாமாவின் பக்கம் திருப்பினார். என் கண் முன்னாலேயே அவருடைய கையைத் தொட்டார். மாமா திரும்பிப் பார்த்ததும், பக்கத்துக் காரில் இருந்தவர்கள் எட்டிப்பார்க்கும் அளவுக்கு, "சாப்பிட்டீங்களோ எண்டு கேட்டனான்!" என்று கத்தினார்.

"இல்லை" என்றார் மாமா. அவருடைய கண் கலங்கியிருந்தது. "காலமை இருந்து இல்லை."

விளக்குப் பச்சையாகிப் பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். மாமா அசையவில்லை. மாமி கையை முன்னால் நீட்டிக் காட்ட, காரை எடுத்தார்.

எனக்குப் பேச்சு வந்துவிட்டது. சத்தியத்தைவிட இது அவசரம். மெல்லிய குரல் மாமி ஏன் இப்படிக் கத்துகிறார் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் வகுப்பில் பிளேனில் வந்த பிள்ளைகள் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். பொக்கெற்றில் இருந்த சுவிங்கத்தை எடுத்து முன்னால் நீட்டி, "மாமி, பிளேனில காதடைச்சுப் போச்சோ? இதைச் சப்புங்கோ, திறந்திடும்" என்றேன்.

மாமி திரும்பிப் பார்த்தார். சுவிங்கத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"ஓம் பிள்ளை, எனக்குத்தான் காதடைச்சுப் போச்சு" என்றார், மாமாவுக்கும் கேட்கும்படி.

பிறகு வில்லரே வரும்வரை, அது என்ன கட்டடம், இது என்ன பாலம் என்று கத்திக் கத்திக் கேட்டுக்கொண்டே வந்தார். மாமா ஒன்று விடாமல் பதில் சொன்னார். சுவிங்கம் இவ்வளவு நேரம் எடுக்கிறதே என்று நான் பின்னால் இருந்து கவலைப்பட்டேன். மாமி அதன் பிறகு ஒருநாளும் மெல்லிய குரலில் பேசவில்லை. பிளேனில் அடைத்த காது சிலருக்குத் திறப்பதேயில்லை என்று நான் பல வருடம் நம்பியிருந்தேன்.